பால் புரதத்துக்குள் இருக்கும் தைராக்சினை எப்படி அளப்பது?

பாலில் இருக்கும் கேசீன் புரதத்தை லேசான காரக் கரைசலில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அயோடின் சேர்த்து, அப்புறம் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் கலக்கிக்கொண்டே இருந்தால், நம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தயாரிக்கிற அதே தைராக்சின் அந்தப் புரதத்துக்குள் உருவாகிவிடுகிறது. சுரப்பி இல்லை, செல் இல்லை, நொதி இல்லை. கேசீனும் அயோடினும் சூடும் மட்டும்தான். வேதியியலில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயங்களில் இது ஒன்று.

இந்தப் பொடியை அயோடோகேசீன் என்பார்கள். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் தைரோபுரோட்டீன் என்றும் வரும். நான் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். இந்த மாதிரிப் பொடி கைக்கு வரும்போது கூடவே ஒரு தாளும் வரும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் இருக்கும்: மொத்த அயோடின் இத்தனை சதவீதம். அனுப்பியவர் கேட்பதோ, "இதில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது?" என்று. முதல் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. சரி, ஹார்மோனையே அளந்து ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புரதத்தை எப்படி உடைத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். இந்த இரண்டையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கேசீனின் எடையில் ஐந்தரை முதல் ஆறு சதவீதம் வரை டைரோசின் என்ற அமினோ அமிலம். டைரோசினில் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. அதற்கு இரண்டு பக்கமும் உள்ள கார்பன்களில் அயோடின் எளிதாக ஏறும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் மோனோஅயோடோடைரோசின், இரண்டு பக்கமும் ஏறினால் டைஅயோடோடைரோசின். இதுவரை நடந்தது வெறும் அயோடின் ஏற்றம்தான். ஹார்மோன் இன்னும் வரவில்லை. அடுத்த படியில், பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் இரண்டு டைஅயோடோடைரோசின்களில் ஒன்றின் வளையம் கழன்று, மற்றொன்றின் ஆக்சிஜனோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வளையத்தை இழந்த அமினோ அமிலம் சங்கிலியில் மிச்சக் கட்டையாக நின்றுவிடும். வளையத்தைப் பெற்றுக்கொண்டது இப்போது நான்கு அயோடின் உள்ள தைராக்சின், அதாவது டி4. ஒட்டும் வளையத்தில் ஒரே ஒரு அயோடின் இருந்திருந்தால் மூன்று அயோடின் உள்ள டி3 கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, உருவான தைராக்சின் தனியாக மிதக்கவில்லை என்பது. அது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியாகவே, இரண்டு பக்கமும் பெப்டைடு பிணைப்பால் கட்டப்பட்டு நிற்கிறது. அளப்பதில் வரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நம் உடலில் இதே வேலைக்குத் தைரோகுளோபுலின் என்ற ஒரு பிரமாண்டமான புரதம் இருக்கிறது. மூலக்கூறு எடை 6,60,000 டால்டன். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட டைரோசின்கள் இருந்தாலும் ஒரு சில மட்டுமே ஹார்மோனாக மாறுகின்றன. எந்த டைரோசின் எதன் பக்கத்தில் வர வேண்டும் என்பதை அதன் மடிப்பே முடிவு செய்துவிடுகிறது. மீதி வேலையைத் தைராய்டு பெராக்சிடேஸ் நொதி பார்த்துக்கொள்கிறது. கேசீனுக்கு அப்படிப்பட்ட இறுக்கமான மடிப்பே கிடையாது. தொளதொளவென்று கிடக்கும் சங்கிலி அது. அப்படி இருந்தும் சூட்டில் வளையங்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக்கொள்கின்றன. கேசீனுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அயோடின் ஒரு புரதத்தைத் தொட்டால் முதலில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைத்தான் தாக்கும், அங்கேயே வீணாகும். பசும்பால் கேசீனின் பெரும்பகுதியான ஆல்பா-எஸ்1, பீட்டா இரண்டிலும் சிஸ்டைன் அறவே இல்லை. அதனால் சேர்க்கும் அயோடினில் பெரும்பகுதி டைரோசினுக்கே போகிறது. ஹிஸ்டிடின், டிரிப்டோபேன் ஆகியவையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சம் பின்னால் அளவீட்டில் வந்து தொந்தரவு கொடுக்கும்.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டில் அயோடின் இருக்கிறது என்று 1895இல் ஜெர்மனியில் யூஜென் பாமன் கண்டார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பிற்பாடு ஏறத்தாழ 3 டன் பன்றித் தைராய்டைக் கரைத்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். அதன் சரியான கட்டமைப்பை 1926இல் சார்லஸ் ஹாரிங்டன் சொன்னார். அடுத்த ஆண்டே பார்கருடன் சேர்ந்து ஆய்வகத்தில் தயாரித்தும் காட்டினார். 1939இல் லுட்விக், ஃபான் முட்சன்பெக்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் அயோடின் ஏற்றிய புரதத்திலிருந்து தைராக்சினைப் பிரித்தார்கள். அதற்குப் பின் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ரைனிக்கும் டர்னரும் 1940களில் இந்த வினையை அக்குவேறு ஆணிவேறாக அலசினார்கள். ஒரு டைரோசினுக்கு நான்கு முதல் ஐந்து அயோடின் அணுக்கள் சேர்த்தால் ஹார்மோன் அதிகம் கிடைக்கிறது, பைகார்பனேட் வேண்டும், சூடு 70 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், துளி மாங்கனீசு ஆக்சைடு போட்டால் விளைச்சல் கூடுகிறது என்றெல்லாம் கண்டு எழுதியவர்கள் அவர்கள்தான். இரண்டு இடத்துக்கு எதற்கு நான்கு அணு என்று கேட்கலாம். ஒவ்வொரு முறை ஒரு அயோடின் வளையத்தில் ஏறும்போதும் இன்னொன்று ஹைட்ரஜன் அயோடைடாக வெளியே போய்விடும். அந்த அமிலத்தைச் சமன்செய்யத்தான் பைகார்பனேட்.

அவர்கள் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் மாடுகள். கறவை மாட்டுக்குத் தைராக்சின் கொடுத்தால் பால் கூடும். தூய தைராக்சினை மாடு மாடாகக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அயோடோகேசீனோ தீவனத்தில் கலக்கலாம், மலிவு. பால் கூடியது உண்மை. கூடவே மாட்டின் இதயத் துடிப்பு கூடியது, உடல் எடை குறைந்தது, தீவனம் அதிகமாகத் தேவைப்பட்டது, பொடியை நிறுத்தியதும் பால் சரிந்தது. இத்தனையும் பொடியின் எடையைப் பொறுத்தவை அல்ல, உள்ளே இருக்கும் ஹார்மோனைப் பொறுத்தவை. அதை அளக்காமல் ஒரு மாட்டுக்கு எத்தனை கிராம் என்று சொல்லவே முடியாது. 1945இல் ரைனிக்கும் சகாக்களும் அயோடோகேசீனில் தைராக்சினை அளப்பதற்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் வாதத்தின் பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 100 கிராம் கேசீனில் ஐந்தரை கிராம் டைரோசின் என்று வைத்துக்கொள்வோம். டைரோசினின் மூலக்கூறு எடை 181. ஆக ஏறத்தாழ 30 மில்லிமோல். அத்தனையிலும் இரண்டிரண்டு அயோடின் ஏறினால் 7.7 கிராம் அயோடின். அதாவது முழுதாக அயோடின் ஏறிய பொடியின் எடையில் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அயோடின் இருக்கும். தாளில் வரும் எண்ணும் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். இதே பொடியில் தைராக்சின் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தைராக்சினின் எடையில் 65 சதவீதம் அயோடின். ஆக, பொடியில் உள்ள 7 பங்கு அயோடினில் தைராக்சினுக்குள் இருப்பது வெறும் 0.65 பங்கு. பத்தில் ஒன்றுகூட இல்லை. மீதி ஒன்பது பங்குக்கு மேல் ஹார்மோனாக வேலை செய்யாத டைஅயோடோடைரோசினிலும் மற்றவற்றிலும் இருக்கிறது. இன்னொரு பொடியைச் சூடாக்காமல் அயோடின் ஏற்றத்தோடு நிறுத்தியிருந்தால், அதிலும் இதே 7 சதவீத அயோடின் காட்டும். தைராக்சின் மிகச் சொற்பமாக இருக்கும். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்று. உடலுக்குள் போனால் இரண்டும் வேறு வேறு.

ஆரம்ப காலத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது தலைப்பிரட்டைகள். 1912இல் குடெர்நாச் தைராய்டுத் துணுக்குகளைத் தலைப்பிரட்டைகளுக்கு ஊட்டினார். அவை வளரவேண்டிய அளவுக்கு வளராமலே, வால் சுருங்கி, கால் முளைத்து, குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. அதிலிருந்து, ஒரு பொருளில் தைராய்டு சக்தி இருக்கிறதா என்று பார்க்கத் தலைப்பிரட்டைத் தொட்டியே ஒரு அளவுகோல் ஆனது. 1940களில் எலி வந்தது. தயோயுராசில் கொடுத்தால் எலியின் தைராய்டு ஹார்மோன் செய்வது நின்றுபோகும்; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடாமல் தூண்ட, தைராய்டு வீங்கும். அதோடு வெளியிலிருந்து தைராக்சின் கொடுத்தால் வீக்கம் வராது. வீக்கத்தைத் தடுக்க எத்தனை மில்லிகிராம் பொடி, எத்தனை மைக்ரோகிராம் தூய தைராக்சின் என்று ஒப்பிட்டால் பொடியின் வலிமை தெரிந்துவிடும். இந்த முறைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பொடி செரித்து, உறிஞ்சப்பட்டு, உடலில் வேலை செய்வதையே அவை அளக்கின்றன. ஆனால் விலங்குக்கு விலங்கு மாறும், நாள் பிடிக்கும், எந்த மூலக்கூறு எவ்வளவு என்று சொல்லாது.

வேதியியல் முறை என்று முதலில் வந்தது பியூட்டனால் பிரிப்பு. 1932இல் லேலண்டும் ஃபாஸ்டரும் தைராய்டு சுரப்பிக்காக உருவாக்கியது. பிற்பாடு பிளாவ் அதை மாற்றி அமைத்தார். புரதத்தைக் காரத்தில், குறிப்பாகப் பேரியம் ஹைட்ராக்சைடில், மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால் சங்கிலி அறுந்து அமினோ அமிலங்கள் உதிரும். அதைப் பியூட்டனாலில் எடுத்து, காரக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். டைஅயோடோடைரோசின் காரத்தோடு போய்விடும். தைராக்சின் பியூட்டனாலிலேயே தங்கும். கடைசியில் அந்தப் பியூட்டனாலில் மிஞ்சிய அயோடினை அளந்து, அதிலிருந்து தைராக்சினைக் கணக்கிடுவார்கள்.

அந்த அயோடினை அளக்கும் முறை இன்றைக்கும் செய்யத் தகுந்தது. கரிமப் பொருளைச் சாம்பலாக்கினால் அயோடின் அயோடைடாக மிஞ்சும். அதில் புரோமின் நீர் விட்டால் ஒவ்வொரு அயோடைடும் அயோடேட்டாக மாறும். மிச்சமாகும் புரோமினை ஃபார்மிக் அமிலம் விட்டு அகற்றிவிட்டு, பொட்டாசியம் அயோடைடைப் போட்டு அமிலமாக்க வேண்டும். ஒரு அயோடேட் ஐந்து அயோடைடைப் பிடித்து, மூன்று அயோடின் மூலக்கூறுகளை, அதாவது ஆறு அணுக்களை வெளியே தள்ளும். நாம் அளக்க வந்தது ஒன்று; குடுவையில் இப்போது நிற்பது ஆறு. அயோடினைத் தின்றுவிடும் தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டச் சொட்ட, தேன் நிறம் வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்து ஸ்டார்ச் விட்டால் குப்பென்று கருநீலம். அப்புறம் கால் சொட்டு கால் சொட்டாக விட வேண்டும். குடுவையின் உள்சுவரில் தொட்டு, நீர் விட்டுக் கழுவி இறக்கும் அந்தக் கடைசிக் கால் சொட்டில் நீலம் முழுக்கப் போய்விடும். ஆறு மடங்காகப் பெருக்கியதால் அந்தக் கால் சொட்டின் பிழையும் ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் ஒருவர் இதை யோசித்திருக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அளந்த அயோடின் சரிதான். அது யாருடைய அயோடின் என்பதுதான் கேள்வி. சுரப்பியிலிருந்து வந்த புரதத்தில் பியூட்டனாலில் தங்கும் அயோடின் பெரும்பாலும் ஹார்மோனுடையது. அயோடோகேசீனில் அப்படி நம்ப முடியாது. கடுமையான வினையில் பிறந்த பக்க விளைபொருள்கள் நிறைய. அவற்றில் சில காரக் கழுவலுக்கும் அசையாமல் பியூட்டனாலில் உட்கார்ந்திருக்கும், தைராக்சின் என்ற பெயரில் கணக்கில் ஏறும். டி3 என்ற ஒன்று இருப்பதே 1952இல் கிராஸும் பிட்-ரிவர்ஸும் கண்டுபிடிக்கும்வரை தெரியாது. ஆகவே 1940களின் எண்களில் டி3யும் தைராக்சினாகவே எண்ணப்பட்டிருக்கிறது.

கொதிகாரத்தில் இன்னொரு வினையும் நடக்கிறது. தைராக்சினுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு. உயிர் தயாரிப்பது இடக்கை வடிவம், எல்-தைராக்சின். ஹார்மோன் வேலை பெரும்பாலும் அதனுடையது. கேசீனின் டைரோசினும் இடக்கை என்பதால் அதிலிருந்து வரும் தைராக்சினும் தொடக்கத்தில் இடக்கைதான். பேரியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்தால் அது பாதிக்குப் பாதி கலப்பாக மாறிவிடும். ரைனிக்கும் டர்னரும் அமிலத்தில் பகுத்துப் பார்த்து எல்-தைராக்சினையே பிரித்தெடுத்தார்கள். பொடியில் இருந்தது எது, உடைக்கும்போது நாம் உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதன் அவசியத்தை எனக்குப் புரியவைத்தது அந்த வேலை.

இன்றைக்கு நாங்கள் காரத்தை விட்டு நொதிக்கு வந்துவிட்டோம். புரோனேஸ் என்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற நுண்ணுயிரிடமிருந்து எடுக்கும் நொதிக் கலவை. கிடைத்த பெப்டைடு பிணைப்பையெல்லாம் அறுக்கும். 37 டிகிரியில், நடுநிலையை ஒட்டிய தாங்கலில் (அமில-கார நிலை மாறாமல் காக்கும் கரைசலில்), இரவு முழுக்க வைத்தால் பால்போல் கலங்கி நின்ற கரைசல் தெளியும். இடக்கை இடக்கையாகவே இருக்கும், வளையத்திலிருந்து அயோடின் கழல்வதும் குறைவு. கரைசலில் சுதந்திரமாகத் திரியும் அயோடின் இருந்தால் அது புதிதாகப் போய் டைரோசினில் ஏறிவிடக்கூடும் என்பதால், அதைத் தடுக்கத் தயோயூரியா போன்ற ஒன்றைச் சேர்த்துவிடுவோம். வெளிச்சமும் ஆகாது, பழுப்புக் கண்ணாடிக் குப்பி அவசியம்.

தெளிந்துவிட்டதாலேயே எல்லாம் அறுந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் முதல் தொகுதியை முடித்துவிட்டு வந்து, "மேடம், ரெகவரி 98 வந்திருச்சு, ரிப்போர்ட் போட்டுடலாமா?" என்று கேட்டார். ரெகவரி என்பது தெரிந்த அளவு தூய தைராக்சினை மாதிரியில் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கும் சோதனை. எல்லா வழிமுறைக் கையேட்டிலும் இருக்கும். "நீங்க போட்ட தைராக்சின் வந்திருச்சு. உள்ள இருந்தது வந்துச்சா?" என்றேன். நாம் சேர்த்தது தனித்து மிதக்கும் தைராக்சின். அதை அறுத்து எடுக்க வேண்டியதே இல்லை. அது 98 சதவீதம் கிடைத்தால், வழியில் எதுவும் தொலையவில்லை என்று மட்டும்தான் பொருள். சங்கிலிக்குள் கட்டுண்டு கிடக்கும் தைராக்சினில் பாதி வெளியே வராமலே இருந்தாலும் ரெகவரி 98தான் காட்டும். வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு வீட்டுக்குள் இத்தனை பேர் என்று சொல்வதைப் போன்றது அது.

அயோடோகேசீனில் இந்த ஆபத்து அதிகம். அயோடின் அடர்ந்து ஏறிய இடங்களில் நொதி சுலபமாக உட்காராது. 70 டிகிரியில் வெந்தபோது சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. எனவே நாங்கள் செய்தது, ஒரே மாதிரியிலிருந்து வெவ்வேறு நேரத்தில் சிறு பகுதி எடுத்து அளப்பது. தைராக்சின் ஏறிக்கொண்டே போய் ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகு புது நொதி போட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி ஏறினால் முன்னால் நின்றது புரதம் தீர்ந்ததால் அல்ல, நொதி தளர்ந்ததால். அப்புறம் அதே பொடியைக் காரத்தில் தனியாகப் பகுத்து ஒப்பிட வேண்டும். இரண்டு வழியும் இரண்டு விதமாகத் தவறக்கூடியவை. இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்தால் எனக்குத் தைரியம் வரும். வரவில்லை என்றால் எது, ஏன் என்று தேட வேண்டும். நேரம் போகப் போகத் தைராக்சின் ஏறுவதைக் காட்டும் வளைகோட்டை அந்த இளைஞர் போட்ட பிறகுதான் ரிப்போர்ட் போனது.

உடைத்தபின் பிரிப்பது இப்போது கஷ்டமில்லை. எண்ணெய்த்தன்மை உள்ளவற்றை அதிக நேரம் பிடித்து வைக்கும் பொருள் நிரப்பிய குழாய்க்குச் சி18 நிரல் என்று பெயர். கரைசலை அதன் வழியே செலுத்தினால் மோனோஅயோடோடைரோசின் முதலில் வரும், அப்புறம் டைஅயோடோடைரோசின், வெகு பின்னால் டி3, கடைசியில் டி4. அயோடின் கூடக் கூட மூலக்கூறு எண்ணெய்த்தன்மை பெற்று நிரலில் அதிக நேரம் ஒட்டிக்கொள்வதால் இந்த வரிசை. புற ஊதா ஒளியில் பார்த்தால் கேசீனின் ஆயிரம் பெப்டைடுத் துண்டுகளும் சேர்ந்து தெரியும், வரைபடத்தில் எழும் எந்த முகட்டுக்கு, அதாவது பீக்குக்கு, கீழே என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் தைராக்சினை அதன் நிறை 777ஐயும், உடைந்து வரும் துண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம். கனமான கார்பன்-13 பொதித்த தைராக்சினை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அக அளவையாக மாதிரியிலேயே தெரிந்த அளவு சேர்த்தால் எண்ணும் உறுதியாகும். எனக்கு மிகவும் பிடித்தது அதே நிரலின் முடிவில் ஐசிபி-மாஸ் கருவியை இணைப்பது. அது அயோடின் அணுவை மட்டும், நிறை 127இல், பார்க்கும். பெயர் தெரிந்த பீக்குகளில் உள்ள அயோடினையெல்லாம் கூட்டி, பொடியில் இருக்கும் மொத்த அயோடினோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு கணக்கில் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். மொத்த அயோடின் என்ற அந்த எண்ணுக்கு நான் கொடுக்கும் மதிப்பு இங்கேதான்: அதைத் தொகையாக வைத்துக்கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம்.

ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்ளும் தூய தைராக்சினான தர அளவையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் வாங்கும் தைராக்சின் பெரும்பாலும் சோடியம் உப்பு, அதிலும் நீர் ஏறியது. ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ள உப்பானால் 1 மில்லிகிராம் எடுத்தால் அதில் தைராக்சின் 0.87 மில்லிகிராம்தான். இதைக் கழிக்காமல் விட்டால் பொடியில் 13 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தைராக்சின் இருப்பதாக அறிக்கை சொல்லும். நீர்த்த கரைசலில் தைராக்சின் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்வது இன்னொரு தலைவலி. அம்மோனியா கலந்த மெத்தனாலில் வைத்தால் தப்பிக்கலாம்.

சிலர் கேட்பதுண்டு, ரத்தத்தில் டி4 பார்க்கும் கிட்டிலேயே பொடியைக் கரைத்து ஊற்றிப் பார்க்கலாமே என்று. கூடாது. அந்தக் கிட்டில் தைராக்சினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும் தனி மூலக்கூறுக்காக உருவாக்கப்பட்டது. சங்கிலிக்குள் கட்டுண்ட தைராக்சினை அது எந்த அளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. செரித்த பிறகு ஊற்றினாலும், தைராக்சினைப்போலப் பத்து மடங்குக்கு மேல் டைஅயோடோடைரோசின் சுற்றி நிற்கும். ரத்தத்தில் அப்படி ஒரு நிலைமையே வராது.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும்? மாட்டோடு இந்தக் கதை முடிந்திருந்தால் ஒருவேளை வேண்டாம். தைராய்டு ஹார்மோன் வாய் வழியாகப் போனாலே வேலை செய்யும், சமைத்தாலும் அழியாது. 1984-85இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் நூற்றுக்கும் அதிகமானவர்களுக்குப் படபடப்பும் எடை இழப்பும் தூக்கமின்மையும் வந்தன. தேடிப் பார்த்தால், மாட்டின் கழுத்துப் பகுதியை வழித்தெடுத்த இறைச்சியில் தைராய்டும் சேர்ந்து அரைபட்டிருந்தது. அவர்கள் சாப்பிட்டது அந்த இறைச்சியில் செய்த ஹாம்பர்கர். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தைராய்டுக்கு நல்லது என்று மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் 10 துணை உணவுகளைச் சோதித்தார்கள். 9இல் டி3 இருந்தது, 5இல் டி4 இருந்தது.

அயோடோகேசீனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பெயரைப் படித்தால் பால் புரதமும் அயோடினும், இரண்டும் உணவுதானே என்று தோன்றும். தைராக்சின் ஒரு சதவீதம் உள்ள பொடியில் 10 மில்லிகிராம் என்பது கத்தி முனையில் நிற்கும் அளவு. அதில் 100 மைக்ரோகிராம் தைராக்சின். தைராய்டே இயங்காத ஒருவருக்கு மருத்துவர் ஒரு நாளைக்கு எழுதிக் கொடுக்கும் அளவு ஏறத்தாழ அதுதான். கூடவே 700 மைக்ரோகிராம் அயோடின். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குத் தேவை 150. வயிற்றில் எல்லாம் செரித்து வெளியே வராது என்பது உண்மை. எவ்வளவு வரும் என்பது ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும் என்பதும் உண்மை. இளைப்பதற்காக இப்படி ஒன்றைத் தெரியாமல் சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். அவருடைய மருத்துவர், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் சரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இல்லாத தைராய்டு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் ஒரு அறிக்கை என் மேசைக்கு வந்தால் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. எதைக்கொண்டு உடைத்தார்கள், எவ்வளவு நேரம், மட்டத்தில் நின்றதா, வேறொரு வழியோடு ஒத்துப் பார்த்தார்களா, தர அளவையில் நீரையும் சோடியத்தையும் கழித்தார்களா, அயோடின் தொகை கூட்டினால் வருகிறதா என்று தேடுவேன். இவை இருந்தால் எண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பேச ஒரு அடிப்படை இருக்கிறது. தைராக்சின், டி3 இரண்டையும் கூட்டி "மொத்த ஹார்மோன்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவேன். டி3யின் வலிமை தைராக்சினைப்போல மூன்று நான்கு மடங்கு. இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டுவிட்டால் அந்தப் பொடி ஒரு உடலில் என்ன செய்யும் என்பதை அதிலிருந்து திரும்பப் பிரித்தெடுக்க வழியே இல்லை.